மலிவு வெப்பப்படக் கமராக்களும் அவற்றின் புள்ளிக் கணக்கும்

பயிரின் இலை, மண், நீர் ஆகியவற்றின் வெப்பநிலையைத் தொடாமலே அறிந்து அதனை நிறப் படமாகக் காட்டும் கருவி வெப்பப்படக் கமரா எனப்படும். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் இது படைத்துறையினரும் பெருந் தொழிற்சாலையினருமே வாங்கக்கூடிய பொருளாய் இருந்தது. 2014 ஆம் ஆண்டிற் கைத்தொலைபேசியுடன் இணைக்கத்தக்க சிறு வெப்பப்படக் கமராக்கள் சந்தைக்கு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று விரல்நுனி அளவான உணரியொன்றைச் சிறு பலகையிற் பொருத்தி, வெளிநாட்டுச் சந்தையில் 100 அமெரிக்க டொலருக்குங் குறைந்த விலைக்கு விற்கின்றனர்.

அட்டனிலிருந்து வரும் வீதி பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரியும் இடத்தில், கெசல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கில் நோர்வூட் அமைந்துள்ளது. இப்பகுதியில் தேயிலை மலைகளுக்கிடையே லயங்களை ஒட்டிய சிறு நிலத்துண்டுகளிற் கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி முதலியவற்றைச் செய்கை பண்ணுவோர் பலர். அவர்களுள் ஒருவர் இக்கருவிக்குச் செலவிடும் பணம் அடுத்த போகத்தின் விதைக்கும் பசளைக்கும் உரிய பணமாக இருத்தல் கூடும். ஆகவே, வாங்குமுன் விலையை விசாரிப்பதுடன் இன்னொன்றையும் விசாரித்தல் வேண்டும். படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் எவ்வளவு இடத்தை அடக்குகின்றது என்பதே அது. இதனை அறியாது வாங்கப்பட்ட கமரா, தாகமில்லாப் பயிருக்கு நீர் பாய்ச்சவும், உறைபனி விழும் இரவில் உழவரை உறங்கவும் வைக்கும்.

கமரா எதனைக் காண்கின்றது

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்பக் கண்ணுக்குப் புலப்படாத கதிரை வீசுகின்றன. 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் சூரிய ஒளியை அரியத்தாற் பிரித்து, செந்நிறத்துக்கு அப்பால் ஒளியே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது உயரக் கண்டார். இலங்கைப் பாடநூல்களிற் செந்நிறக்கீழ்க் கதிர் என்றும் தமிழ்நாட்டு நூல்களில் அகச்சிவப்புக் கதிர் என்றும் கூறப்படுவது இதுவே. வெப்பப்படக் கமராவின் உணரி, இக்கதிரை அளக்கும் மிகச் சிறிய வெப்பமானிகள் பல வரிசை வரிசையாக அமைந்த ஒரு தட்டு எனக் கொள்ளலாம். ஒவ்வொரு வெப்பமானியும் படத்தில் ஒரு புள்ளியாகும். புள்ளிகள் எத்துணை நெருக்கமாக உள்ளனவோ அத்துணை நுண்ணிய பொருளைக் கமரா பிரித்துக் காட்டும். இதனைப் பிரிதிறன் என்பர்.

பயிர் தன் இலைத் துளைகள் வழியாக நீராவியை வெளிவிடும்போது, வியர்வை உடலைக் குளிர்விப்பது போல, இலை குளிர்கின்றது. வேரில் நீர் குறையின் அத்துளைகள் மூடிக்கொள்ளும், இலை சூடேறும். வாடல் கண்ணுக்குத் தெரியுமுன்னரே இச்சூடு தெரியவருதல் இக்கருவியின் பெரும் பயனாகும்.

புள்ளிகளின் அளவு

மலிவு வகையிற் பெரும்பாலும் கிடைப்பன மூன்று தரத்தன. பனசொனிக் நிறுவனத்தின் ஏ.எம்.ஜி. 8833 என்னும் உணரி 8 வரிசையில் எட்டெட்டாக 64 புள்ளிகளே உடையது. பெல்ஜிய நாட்டு மெலெக்சிஸ் நிறுவனத்தின் எம்.எல்.எக்ஸ். 90640 என்னும் உணரியில் 32க்கு 24 ஆக 768 புள்ளிகள் உள்ளன. பிளிர் நிறுவனத்தின் லெப்டன் 3.5 என்னும் கமராத் தொகுதி 160க்கு 120 ஆக 19,200 புள்ளிகள் உடையது. முதலிரண்டும் 100 டொலருக்குள் அடங்கும். மூன்றாவது அதனினும் மிக்க விலையுடையது. கைத்தொலைபேசியில் மாட்டத்தக்க, 256க்கு 192 புள்ளிகள் கொண்ட கமராக்களும் இப்பொழுது மூன்றாவதன் விலையை ஒட்டியே வந்துள்ளன.

எண்ணிக்கையை மட்டுங் கேட்டுப் பயனில்லை. கமரா எவ்வளவு அகலமான காட்சியை நோக்குகின்றது என்பதையும் சேர்த்துக் கணித்தல் வேண்டும். 64 புள்ளி உணரி 60 பாகைக் கோணத்தில் நோக்குவது. அதனை ஒரு மீற்றர் தூரத்திற் பிடித்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய 14 சதமமீற்றர் அகலமான இடத்தை அடக்கும். விரித்த உள்ளங்கையை ஒத்த அளவு. 768 புள்ளி உணரியின் 55 பாகை வகை அதே தூரத்தில் 3¼ சதமமீற்றரை அடக்கும். லெப்டன் 3.5இன் ஒரு புள்ளி 7 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடத்தையே அடக்கும். 768 புள்ளி உணரியில் 110 பாகையில் நோக்கும் இன்னொரு வகையும் உண்டு. விலை ஒன்றே, புள்ளியும் ஒன்றே, ஆனால் ஒரு புள்ளி ஒரு மீற்றரிற் சராசரி 9 சதமமீற்றரை அடக்கும். அகன்ற காட்சியை விரும்பி இவ்வகையை வாங்கியவர் தம் பிரிதிறனிற் பெரும்பகுதியைக் கைவிட்டவராவார்.

தூரம் இரட்டிக்கப் புள்ளியின் அகலமும் இரட்டிக்கும். மூன்று மீற்றர் தூரத்திலிருந்து 768 புள்ளி உணரியின் ஒரு புள்ளி 10 சதமமீற்றரையும், பத்து மீற்றரிலிருந்து 32 சதமமீற்றரையும் அடக்கும். ஒரு பொருளின் வெப்பநிலையை நம்பத்தக்கவாறு அளப்பதற்கு அப்பொருளின்மேல் குறைந்தது மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகளேனும் விழுதல் வேண்டும். ஓரப் புள்ளிகள் பக்கத்திலுள்ள மண்ணையும் தொட்டுக்கொண்டிருக்குமாதலால் நடுப்புள்ளியே தூயது. முற்றிய கோவாச் செடியொன்று 30 சதமமீற்றர் அகலம் உடையதாயின் அதனை மூன்று மீற்றரிலிருந்து அளக்கலாம். நான்கு சதமமீற்றர் அகலமான லீக்ஸ் இலையை அளக்கவேண்டின் அரை மீற்றருக்கும் உள்ளாகச் செல்லுதல் வேண்டும். கரட்டின் சீவிய இலையை இக்கருவி எவ்விடத்திலிருந்தும் தனியாகக் காணமாட்டாது.

இங்கு ஒன்றை நன்கு கவனித்தல் தகும். 80க்கு 60 புள்ளியுடைய கமராவுக்குப் பதிலாக 160க்கு 120 புள்ளியுடையதை வாங்குபவர் நான்கு மடங்கு புள்ளிகளுக்கு விலை கொடுக்கின்றார். ஆனால், காட்சிக் கோணம் ஒத்திருப்பின், அவர் பின்னுக்கு நிற்கக்கூடிய தூரம் இரு மடங்குதான் ஆகின்றது. 768 புள்ளியிலிருந்து 19,200 புள்ளிக்குச் செல்வது 25 மடங்கு. தூரத்திற் கிடைக்கும் ஆதாயம் ஐந்து மடங்கேயாகும். ஐந்து மீற்றரில் நின்றவர் நான்கு மீற்றர் முன்னே நடந்து சென்றால் அதே ஆதாயம் செலவின்றிக் கிடைக்கும். பத்துப் பேர்ச் நிலத்தைப் பாத்தி பாத்தியாக நடந்து பார்க்கக்கூடியவருக்குக் கால்களே மிக மலிவான பிரிதிறன். நெருங்க முடியாத இடத்தைப் பார்ப்பவருக்கே புள்ளிகள் வேண்டும். ட்ரோனில் மாட்டி 30 மீற்றர் உயரத்திலிருந்து நோக்கின் 768 புள்ளி உணரியின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மீற்றர் அகல நிலத்தை அடக்கும். பாத்தியும் வாய்க்காலும் ஒன்றாய்க் கலந்துவிடும். அங்கு அது வீண்.

திரையின் புள்ளியும் உணரியின் புள்ளியும்

விற்பனைத் தாள்களில் 240க்கு 320 என்பது போன்ற எண்கள் பெரிய எழுத்திற் காணப்படும். அவை பெரும்பாலும் திரையின் புள்ளிகளே. 768 அளவீடுகளை எடுத்துக்கொண்டு இடையிலுள்ள வெற்றிடங்களைக் கணக்கால் நிரப்பி மழமழப்பான படமாகத் திரையிற் காட்டுதல் எளிது. அப்படம் கண்ணுக்கு இனியது. ஆயினும் அதில் இலையின் ஓரமாகத் தோன்றுவது கணக்கு வரைந்த ஓரமேயன்றி இலையின் ஓரமன்று. கஞ்சியில் நீரைக் கூட்டினாற் சட்டி நிறையுமே தவிர அரிசி கூடாது.

இதனைச் சோதித்தறிய ஒரு வழி உண்டு. பீங்கான் கோப்பையொன்றிற் கொதிக்கும் தேநீரை ஊற்றி மேசைமேல் வைக்க வேண்டும். எவர்சில்வர் குவளை ஆகாது; பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் காட்டாமல் எதிரிலுள்ளதைப் பிரதிபலிக்கும். முதலில் ஒரு சாண் தூரத்திலிருந்து கோப்பையின் வெப்பநிலையைக் கமராவிற் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் அடியடியாகப் பின்வாங்கி, எத்தூரத்தில் அவ்வெண் சரியத் தொடங்குகின்றதெனக் காணலாம். தேநீர் ஆறிவிடவில்லை என்பதை உறுதிப்படுத்த மீண்டும் ஒரு முறை நெருங்கிப் பார்த்தல் நன்று. கோப்பையின் அளவுள்ள இலைக்கொத்துக்கு அத்தூரமே அக்கமராவின் எல்லை. கடையிலே பணங் கொடுக்குமுன் செய்யத்தக்க சோதனை இது. இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்காதிருத்தலே நலம்.

கலப்புப் புள்ளியும் நீர்ப் பாய்ச்சலும்

தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் நோர்வூட்டில் நீர்ப் பஞ்சம் இல்லை. சனவரி முதல் மார்ச்சு வரையான வறண்ட காலத்திலேயே மரக்கறிச் செய்கையாளர் பீலி நீரையும் ஓடை நீரையும் பங்கிட்டுப் பாய்ச்சுகின்றனர். ஆகவே இக்கருவியின் நீர்ப்பாய்ச்சற் பயனும் பெரும்பாலும் அம்மாதங்களுக்குரியது.

நண்பகலில் நீர் நிறைந்த போஞ்சியிலை 24 பாகை செல்சியசிலும், பக்கத்திலுள்ள வெறும் மண் 40 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு புள்ளியிற் பாதி இலையும் பாதி மண்ணும் விழுந்தால் கமரா ஏறத்தாழ 32 பாகை எனக் காட்டும். அத்தகைய வெப்பநிலையில் இலையும் இல்லை, மண்ணும் இல்லை. ஆயினும் படத்தைப் பார்ப்பவர் பயிர் தாகமுற்றதென எண்ணி நீர் பாய்ச்சுவர். பக்கத்துப் பாத்தியில் உண்மையிலேயே வாடும் செடிக்கு அன்று நீர் கிட்டாது. இலைகள் நிலத்தை மூடாத இளம் பயிரில் இப்பிழை மிகப் பெரிது. பாத்தியை நேர் மேலிருந்து நோக்காமற் சாய்வாக நோக்கின் மண் மறைந்து இலையே மிகுதியாய்த் தெரியும்.

இன்னொரு பிழை எண்ணைப் பற்றியது. கமரா காட்டும் எண் பல பாகை முன்பின்னாக இருத்தல் கூடும். 768 புள்ளி உணரியின் உற்பத்தியாளர் நடுப்பகுதிக்குப் பொதுவாக ஒரு பாகை வரையான பிழையைக் கூறுகின்றனர். மூலைப் புள்ளிகளின் பிழை அதனினும் மிகுதி. லெப்டன் 3.5 வகைக்கோ 5 பாகை வரை பிழை கூறப்பட்டுள்ளது. புள்ளி மிக்க கமரா வடிவத்தைத் தெளிவாகக் காட்டும். எண்ணிலோ எளிய உணரியினும் பின்தங்கியிருக்கும். விலை கூடியது எல்லாவற்றிலும் மேலானது என எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இவ்விடர்ப்பாட்டுக்குப் பயிராய்வாளர் கண்ட தீர்வு செலவற்றது. 1981 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஐட்சோ, ஜாக்சன் முதலிய ஆய்வாளர் பயிரின் நீர்த் தாகத்தை இலை வெப்பநிலையைக் கொண்டு சுட்டெண்ணாகக் கூறும் முறையை வகுத்தனர். அவர்கள் கையிலிருந்தது படமெடுக்கும் கமராவன்று. ஒரே ஒரு புள்ளியை அளக்கும் கைக்கருவியே. வயற் பயனுக்கு அம்முறையைப் பின்வருமாறு எளிதாக்கலாம். ஒரே பாத்தியில் இரு இலைகளைத் தெரிந்து, ஒன்றன் இருபக்கமும் நீர் தெளிக்க வேண்டும். மற்றதன் இருபக்கமும் வாசலின் பூசி அதன் துளைகளை அடைத்துவிட வேண்டும். நீர் தெளித்த இலை நிறைந்த பயிரின் குளிர்ச்சியையும், வாசலின் பூசிய இலை நீரற்ற பயிரின் சூட்டையும் காட்டும். ஏனைய இலைகள் இவ்விரண்டுக்குமிடையே எங்கு நிற்கின்றன என்பதே பார்க்கத்தக்கது.

எடுத்துக்காட்டாக, ஈர இலை 19 பாகை, பூசிய இலை 29 பாகை எனக் கமரா காட்டுகின்றது. பரீட்சிக்கும் இலை 22 பாகையாயின் அது பத்தில் மூன்று பங்கு ஏறியுள்ளது. நீர் பாய்ச்ச அவசரமில்லை. 27 பாகையாயிற் பத்தில் எட்டுப் பங்கு. அன்றே நீர் வேண்டும். கமரா மூன்று பாகை கூட்டிச் சொல்லும் குணமுடையதாயினும் மூன்று இலைகளுக்கும் ஒருங்கே கூட்டிச் சொல்லுமாதலால் விடை மாறாது. காற்றும் முகிலும் இலையின் வெப்பநிலையை நொடிப்பொழுதில் மாற்றுவன. எனவே வெயில் நிலைத்திருக்கும் 11 மணிக்கும் 2 மணிக்குமிடையே, மூன்று இலைகளையும் ஒரே படத்திலோ அடுத்தடுத்தோ பார்த்தல் வேண்டும்.

படக் கமரா இன்றி, தொழிற்சாலைகளிற் பயன்படும் ஒற்றைப் புள்ளி வெப்பமானித் துப்பாக்கி கொண்டும் இம்முறையைச் செய்யலாம். அதிற் 12க்கு 1 எனக் குறிக்கப்பட்டிருப்பின் ஒரு மீற்றரில் அது எட்டுச் சதமமீற்றர் வட்டத்தை அளக்கின்றது என்பது பொருள். ஒரு சாண் தூரத்தில் இரண்டு சதமமீற்றரை அளக்கும். உடற்சூடு பார்க்க நெற்றியில் நீட்டும் வகை இதற்கு உதவாது. அதன் அளவெல்லை மனித உடலைச் சார்ந்தது. சிறு நிலமுடையோரில் அநேகருக்கு இத்துப்பாக்கியே போதுமானது.

உறைபனி இரவுகள்

நோர்வூட்டிலும் பார்க்க உயர்ந்த நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல ஆகிய பகுதிகளிற் சனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கின் இலையும் தேயிலைக் கொழுந்தும் கருகுவதுண்டு. குளிர்ந்த காற்று பாரமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் நீர்போலத் தேங்கும். ஆகையால் ஒரே மலையிலே மேற்பாத்தி தப்பக் கீழ்ப்பாத்தி கருகும்.

மேகமற்ற, காற்றற்ற இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி, சூழ்ந்த காற்றினும் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆளுயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானி 3 பாகை காட்டும்போதே இலைமேற் பனி உறைந்திருத்தல் கூடும். இலையையே அளக்கும் கமரா இங்கு மிகப் பயன்படும். ஆனால் ஓரிரு பாகையிலே பயிரின் உயிர் தங்கியிருப்பதாற் கமராவின் எண்ணை அப்படியே நம்புதல் கூடாது. வாளியொன்றிற் பனிக்கட்டித் துண்டுகளையும் நீரையும் கலந்து பாத்தியருகே வைத்து, நன்கு கலக்கி, நீரின் மேற்பரப்பைக் கமராவாற் பார்க்க வேண்டும். அதன் உண்மை வெப்பநிலை 0 பாகை. கமரா அதனை 3 பாகை என்றும் இலையை 4 பாகை என்றும் காட்டுமாயின், இலை உண்மையில் ஏறத்தாழ 1 பாகையிலேயே உள்ளது. மூடுபொருளை விரிக்கவும், விடியுமுன் நீர் தெளிக்கவும் ஆயத்தஞ் செய்யவேண்டிய நேரம் அது. வாளியையும் இலையையும் ஒரே விதமாக மேலிருந்து நோக்குதல் அவசியம். வானத்தின் குளிர்க் கதிர் இரண்டின்மேலும் பட்டுச் சிறிது பிரதிபலிக்கும்; ஒரே விதமாக நோக்கின் அப்பிழையும் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இப்பணிக்குப் புள்ளி அதிகம் வேண்டுவதில்லை. உருளைக்கிழங்குப் பாத்தி இலையால் மூடியிருக்குமாயின் ஒரு புள்ளியிற் பத்து இலைகள் அடங்கினும் பத்தும் ஒரே குளிரில் இருப்பனவே. 768 புள்ளி உணரி இங்கு நிறைவாகப் போதும்.

விரைவும் நடுக்கமும்

768 புள்ளி உணரி படமெடுக்கும் விரைவைத் தேவைக்கேற்ப அமைக்கலாம். விரைவு கூடக்கூட ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் தானாகவே ஏறியிறங்கி நடுங்கும். செக்கனுக்கு ஒன்றென அமைப்பின் அந்நடுக்கம் பாகையிற் பத்தில் ஒன்றளவே. இலை ஓடுவதில்லை, ஆதலாற் குறைந்த விரைவே பயிருக்கு ஏற்றது. ஆனால் இவ்வுணரி சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போலப் பாதிப் புள்ளிகளை முதலிலும் மீதியைப் பின்னரும் வாசிக்கின்றது. இடையிற் கை அசைந்தால் படம் பொத்தல் பொத்தலாய்த் தோன்றும். எனவே கமராவை ஒரு தடியிற் கட்டி நிலத்தில் ஊன்றிப் பிடித்தல் வேண்டும். மின்னூட்டியவுடன் காட்டும் எண்களையும் ஏற்கலாகாது. நான்கைந்து நிமிடம் பொறுத்து உணரி நிலைபெற்றபின் அளக்க வேண்டும். லெப்டன் வகை செக்கனுக்கு ஒன்பது படங்களுக்குள் மட்டுப்படுத்தப்பட்டது. இது ஏற்றுமதிச் சட்டம் பற்றிய கட்டுப்பாடேயன்றிப் பயிர்ச் செய்கைக்குக் குறைபாடன்று.

மூடுபனியும் மழைத் தூறலும் இக்கதிரை மறைக்கும். பனிமூட்டம் இறங்கிய வேளையில் தூரத்துப் பொருளுக்குப் பதிலாக இடையிலுள்ள மூட்டத்தின் வெப்பநிலையே படத்தில் வரும். கண்ணாடிக்கு ஊடாக இக்கமரா எதனையுங் காணாது. மெல்லிய பொலித்தீன் ஒரு பகுதியை விடுமாயினும் எண் பொய்யாகும். ஆகவே பொலித்தீன் குடில்களில் உள்ளே சென்றே அளக்க வேண்டும். பளபளக்கும் தகரக் கூரையைப் பார்த்து அது உறைந்துவிட்டதென எவரும் அஞ்ச வேண்டா. கமரா காண்பது கூரையிற் பிரதிபலிக்கும் வானத்தையாகும்.

நெல்வயலில்

நுவரெலியா மாவட்டத்திற் கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தப் பக்கத்துத் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் நெல் செய்கை பண்ணப்படுகின்றது. நெல்லிலை ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் அகலமுடையது; மேலே கூறிய மலிவுக் கமரா எதுவும் தூரத்திலிருந்து தனி இலையை அளக்காது. பயிர் மூடியபின் அது தேவையுமன்று. நாற்று நட்ட முதல் வாரங்களில் இடையிலுள்ள நீரே புள்ளியை நிரப்புமாதலாற் பயிரின் நிலை தெரியவராது. அக்காலத்தில் இக்கருவி வேறொன்றுக்கு உதவும். வரம்பிற் கசிவு இருக்குமிடத்தில் ஈரமண் உலர்ந்த மண்ணினும் குளிர்ந்திருக்கும். வெயில் நேரத்தில் அது குளிர்ந்த கோடாகப் படத்திற் புலப்படும். நண்டு வளையால் நீர் இழக்கும் அடுக்கு வயல்களில் அக்கோட்டைப் பின்பற்றித் துளையைக் கண்டடைக்கலாம். இதற்குச் சில மீற்றர் தூரத்திலிருந்து 768 புள்ளி போதுமானது.

காட்டுப்பன்றியும் கம்பிச் சுருக்கும்

மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதிகளில் மரக்கறி நிலங்களைக் காட்டுப்பன்றி உழுது அழிப்பது யாவரும் அறிந்தது. அதற்கென இடப்படும் கம்பிச் சுருக்கு பன்றியையும் சிறுத்தையையும் வேறுபடுத்தி அறியாது. 2020 மே மாதத்தில் மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள நல்லதண்ணிப் பகுதியிலே ஓர் அரிய கருஞ்சிறுத்தை சுருக்கிற் சிக்கி மீட்கப்பட்டு, உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும், சில நாட்களில் இறந்தது. கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் நாய்களும் நடக்கும் வழிகளிலேயே இச்சுருக்குகள் கிடக்கின்றன.

இங்குதான் மிகக் குறைந்த பிரிதிறனுக்கும் ஓர் இடம் உண்டு. 64 புள்ளி உணரியை விலங்கு நுழையும் வழியை நோக்கி ஒரு கம்பத்தில் நிறுத்தினால், நான்கு மீற்றரில் ஒரு புள்ளி ஏறக்குறைய 58 சதமமீற்றர் இடத்தை அடக்கும். ஒரு மீற்றருக்கு மேற்பட்ட நீளமுள்ள பன்றி குளிர்ந்த இரவில் இரண்டு புள்ளிகளைச் சூடாக்கிக் காட்டும். அவ்விரு புள்ளிகளும் திடீரெனச் சூடேறினால் மணியடிக்கவோ விளக்கெரியவோ ஒழுங்கு செய்யலாம். வந்தது பன்றியா, நாயா, மாடா, அயல்வீட்டுக்காரரா என அக்கருவி அறியாது. அறியவேண்டியதுமில்லை, மணியொலியால் எவருக்கும் ஊறு நேர்வதில்லை. பன்றி சில நாட்களில் மணிக்குப் பழகிவிடும் என்பதனால் ஒலியையும் விளக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் வேண்டும். அசைவை மட்டும் உணர்ந்து எரியும் விளக்குகள் இதனினும் மலிவாகக் கடைகளில் உள்ளன. வேலி ஒரு பக்கமும் வழி ஒரு பக்கமுமாக அமைந்த சிறு நிலத்துக்கு அவையே போதும்.

வாங்கலும் பேணலும்

உணரியை மட்டும் வாங்கியவர் படத்தைக் காணமாட்டார். அதனைச் சிறு கணிப்பலகையுடனும் திரையுடனும் மின்கலத்துடனும் இணைத்தல் வேண்டும். இவ்வேலையை அறிந்த இளைஞர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிடின், கைத்தொலைபேசியில் மாட்டும் கமராவே தக்கது. அதற்கு விலை கூடுதலாதலால் ஒரு லயத்தைச் சேர்ந்த ஐந்தாறு செய்கையாளர் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். கமரா ஒருநாளில் வேண்டப்படுவது அரை மணி நேரமே. உறைபனி இரவில் மட்டும் எல்லாருக்கும் ஒரே வேளையில் வேண்டியிருக்கும். அன்று யாருடைய நிலம் பள்ளத்தில் உள்ளதோ அந்நிலத்தை முதலிற் பார்ப்பதென முன்னரே பேசிவைத்தல் நன்று.

இக்கமராவின் வில்லை சாதாரணக் கண்ணாடியன்று. செந்நிறக்கீழ்க் கதிரை விடும் தனிப் பொருளாலானது. துணி முரடாக இருப்பின் அதன் பூச்சு தேய்ந்துவிடும். குளிர்ந்த வெளியிலிருந்து அடுப்பெரியும் வீட்டினுள் கொண்டுவந்தவுடன் அதன்மேல் ஆவி படியும். நீர்த் துளி படிந்த வில்லை அத்துளியின் வெப்பநிலையையே காட்டும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்தபின் மூடியிட்டு, அரிசி நிரப்பிய சிறு பையுடன் இறுக்கமான டப்பாவில் வைத்தல் வேண்டும்.